வெள்ளை ஓரம் வைத்த கறுப்புக் கல்

புதிதாகக் கட்டட வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், சமையல் மேடைக்குக் கல் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்தக் கல் கறை பிடிக்கும், எது சூட்டில் வெடிக்கும் என்பதையெல்லாம் இப்போது கடைக்காரர்களே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சேலம், நாமக்கல் பக்கம் எங்கள் கையில் இருந்தவை நாலே நாலு: காவி கலந்து இழைத்த சிமெண்ட், மொசைக், கடப்பா கல், யாருக்காவது ஆசை வந்தால் வெள்ளை மார்பிள். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு அறிவு வேண்டும்? இருந்தும் ஒரு வீட்டில் தவறு செய்தேன். கல்லில் அல்ல. அங்கே போட்டது சரியான கல்தான்.

இப்போதெல்லாம் மதியம் கண்ணயர்ந்தால் அந்த வீட்டுச் சமையல்கட்டு கனவில் வருகிறது. ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக இறங்கும் வெளிச்சத்தில் புகை மெதுவாகச் சுழல்கிறது. சன்னலுக்கு வெளியே கரும்புக் காடு, காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுகிறது. அதற்கும் அப்பால் காவிரி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருப்பது தெரியும். யாரும் பேசுவதில்லை. கறுப்புக் கல்லின் மேல் ஒரு கை மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் விழித்துக்கொள்வேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவன். இஞ்சினியரிங் படித்துவிட்டு, சில வருடம் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் சின்னதாக அலுவலகம் வைத்தேன். எதற்கும் காரணம் சொல்லாமல் ஒரு செங்கல்லையும் வைக்கக் கூடாது என்று கல்லூரியில் கற்றுக்கொண்டிருந்தேன். அது என் பெருமை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர், தன் வீட்டுச் சமையல் மேடைக்கு லாரித் தளத்தில் அடிக்கும் இரும்புத் தகட்டையே போட வேண்டும் என்றார். தகடு சூடாகும், துருப்பிடிக்கும், பாத்திரம் வைத்தால் ஊரே கேட்கும் என்று ஒவ்வொரு காரணமாக அரை மணி நேரம் சொன்னேன். "போதுமுங்க, போதுமுங்க. எந்தக் கல்லு வேணுமோ போட்டுக்குங்க, ஆள உடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். காரணம் சொன்னால் எவரையும் வழிக்குக் கொண்டுவரலாம் என்று அப்போது நம்பினேன்.

மோகனூர் பக்கத்து வீடு அதற்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து வந்தது. கரும்பும் வாழையும் வைத்திருந்த குடும்பம். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மருமகள் வருவதற்குள் பழைய வீட்டைத் திருத்திக் கட்ட வேண்டும். தரையில் உட்கார்ந்து மண் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்த வீடு அது. இனி கேஸ் அடுப்பு, நின்றுகொண்டு சமைக்க மேடை. வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். உரத்த குரல், நல்ல மனசு. அவர் மனைவி பாவாயம்மாள், ஐம்பதைத் தாண்டியவர். பேசுவது குறைவு. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், என்றாலும் என்னை "சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த நாளில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கையகலத்தில் நாலு கல் துண்டுகளைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். மெருகேற்றின கடப்பா ஒன்று, மெருகேற்றாத கடப்பா ஒன்று, மொசைக் ஒன்று, மார்பிள் ஒன்று. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் எந்தக் கல் புழங்கியிருக்கிறது என்பது கல்லிலேயே தெரியும். வாயால் கேட்டால் யாரும் வீட்டுக்காரர் சொன்னதைத்தான் சொல்வார்கள்.

பத்து நாள் கழித்துப் போனேன். மார்பிள் துண்டு மோர்ப்பானையின் மூடி மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. மெருகேற்றின கடப்பா சுவரோரம் சாய்ந்து தூசி படிந்து கிடந்தது. மொசைக், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தது. மெருகேற்றாத கறுப்புத் துண்டில் மட்டும் மஞ்சள் ஏறியிருந்தது, எண்ணெய் ஊறியிருந்தது, கத்திக் கோடுகள் விழுந்திருந்தன.

"இதுதான் பிடிச்சிருக்குங்களாம்மா?" என்றேன்.

பாவாயம்மாள் வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பினார். வீட்டில் யாரும் இல்லை. மதிய நேரம். பிறகு அரிசிப் பானையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, மொசைக் துண்டைக் கதவடியிலிருந்து எடுத்து வந்து, அதன் மேல் கொஞ்சம், கறுப்புக் கல்லின் மேல் கொஞ்சம் தூவினார்.

"உங்களுக்கு ரெண்டுலயும் தெரியுதுங்களா சாமி?"

வெள்ளையும் பச்சையும் கறுப்புமாகப் புள்ளி போட்ட மொசைக்கில், எனக்கே அரிசி எது, கல் சிப்ஸ் எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. "தெரியுதும்மா," என்றேன். "கொஞ்சம் கவனிச்சுப் பாக்கணும்."

"எனக்குத் தெரியறதில்லீங்க. இந்தக் கறுப்புல மட்டுந்தான் தெரியுது."

நான் சிரிக்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"எடது கண்ணு போயே போச்சுங்க. வலதுல ஆத்தங்கரைப் பனியாட்ட. நடுவுல மட்டும் கொஞ்சம் வழி இருக்குது. எங்கக்காளோட ஒரு விசேஷத்துக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு சேலத்துல போய்க் காமிச்சேன். நரம்பு காஞ்சிருச்சாம், இனி வராதுன்னுட்டாங்க. இருக்கறது இருக்கற வரைக்குந்தானாம்."

"வீட்ல சொல்லலீங்களா?"

"சொன்னா அடுப்புக்கிட்ட உடமாட்டாங்க சாமி." அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பானையில் போட்டுக்கொண்டே பேசினார். ஒன்றுகூடத் தவறவில்லை. "என்ற மாமியாளுக்குக் கடைசியில இப்படித்தான் ஆச்சு. அவங்க தடவித் தடவி உள்ள வருவாங்க. நாந்தான் உடல. 'அத்தே, நீங்க ஏனுங்க உள்ள வந்தீங்க, போய் உக்காருங்க'ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுப்போடுவேன். நல்லதுக்குன்னுதான் செஞ்சேன். தட்டுல போட்டுக் கையில குடுப்பேன். அஞ்சு வருசம் அப்படியே உக்காந்திருந்தாங்க. ஒரு நாளு என்ன கேட்டாங்க தெரியுங்களா? 'இன்னைக்குக் கொழம்புல புளி பத்தல, நா ஒரு தரம் கரைக்கட்டுமா?'ன்னு. நா வேண்டாமுன்னுட்டேன்."

வெளியே கரும்பு சலசலத்தது. 

பிறகு தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னார். நாற்பது வருடம் கட்டடம் கட்டியவன் நான். அவ்வளவு தெளிவாகத் தன் தேவையைச் சொன்ன ஆளை அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை. கறுப்புக் கல், பளபளப்பு வேண்டாம், பளபளத்தால் சன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். அடுப்பு கிழக்குப் பக்கம், பழைய அடுப்பு இருந்த அதே இடத்துக்கு நேராக. மேடையின் முன் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பட்டை. மேடை எங்கே முடிகிறது என்பது அதனால் தெரியும், பாத்திரம் கீழே விழாது.

"இத மட்டும் பண்ணிக் குடுத்துருங்க. ஊட்டுல மட்டும் சொல்லிப்போடாதீங்க சாமி."

"சொல்ல மாட்டேன்மா," என்றேன். சத்தியம்கூடச் செய்தேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியில் சொல்லக் கூடாது என்று ஏழு வயதிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருவர் என்னை நம்பி ஒன்றைச் சொன்னால் அதன் கனம் என்ன என்று தெரியாதவன் அல்ல நான்.

இரண்டு வாரம் கழித்து மேடைக்குச் சுவர் எழுப்பியாகிவிட்டது. காலை நேரம். மேஸ்திரியும் நானும் அளவு பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மேஸ்திரி வெண்ணந்தூர் பக்கத்து ஆள். என்னோடு பல வீடுகளில் வேலை செய்தவர். பாவாயம்மாள் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் ஒரு மாதமாக அந்த வீட்டிலேயே மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரை நீட்டும் கையை வைத்தே புரிந்துகொண்டிருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்காரர் வேகமாக உள்ளே வந்தார். முந்தின நாள் நாமக்கல்லில் ஒரு உறவினர் வீட்டில் மொசைக் மேடை பார்த்திருக்கிறார். பச்சைச் சிப்ஸ் போட்டது.

"ஏனுங்க இஞ்சினியரே, கண்ணாடியாட்டம் மின்னுதுங்க. நம்மூட்டுலயும் அதையே போட்டுருங்க. பொண்ணூட்டுக்காரங்க வந்தா நின்னு பாக்கோணும்."

"கடப்பான்னு முடிவு பண்ணியிருந்தோமே," என்றேன்.

"அதென்னங்க, துணி தொவைக்கற கல்லாட்ட! அதுவும் மெருகு வேண்டாங்கறீங்களாம். மருமக வந்து சோறாக்கறதா, சேல தொவைக்கறதா?"

மேஸ்திரி தலையை நிமிர்த்தாமல், மட்டப் பலகையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னார்: "மொசைக்கு எண்ணெ குடிக்குமுங்க பண்ணாடி."

"குடிக்குமா?"

"குடிக்குமுங்க. சமையமேடையில போட்டா ஒரே வருசத்துல எண்ணெயக் குடிச்சு ஊதி எந்திரிச்சுரும். ராசிபுரத்துல ரெண்டு ஊட்டுல பேத்துக் கொட்டியிருக்கறனுங்க. தரைக்குப் போட்டுக்கலாம், தாராளமா."

வீட்டுக்காரர் யோசித்தார். தாடையைத் தடவினார். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் "சரி, கறுப்பே போட்டுத் தொலைங்க" என்று போயிருப்பார். அவர் முகத்தில் அது தெரிந்தது. இன்றுவரை அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மேஸ்திரியைத் திருத்தினேன்.

"அப்படியெல்லாம் ஊதாது மேஸ்திரி. நல்லாக் குழைச்சு, சரியா இழைச்சு, மெழுகு போட்டா மொசைக் ஒண்ணும் ஆகாது."

ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். என் முன்னால் நின்று ஒருவர் கட்டடக் கலையில் தவறான ஒன்றைச் சொல்கிறார், அதைக் கேட்டுக்கொண்டு படித்தவன் ஒருவன் சும்மா நிற்கிறான் என்பது எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

வீட்டுக்காரர் கைகொட்டிச் சிரித்தார். "பாத்தயா மேஸ்திரி, படிச்சவரு சொல்றாரு! அப்பறம் ஏனுங்க வேண்டாங்கறீங்க?"

நான் ஏதேதோ சொன்னேன். கடப்பா குளிர்ச்சி என்றேன், நீடித்து உழைக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. வெள்ளைப் பட்டை எதற்கு என்றார். அழகுக்கு என்றேன். "எழவூட்டுக் கோலமாட்ட இருக்குமுங்க" என்றார். கடைசியில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, விளையாட்டாகத்தான், ஒன்று சொன்னார்:

"உண்மையச் சொல்லுங்க. கடப்பாக் கல்லுக் கடைக்காரன் உங்களுக்குச் சொந்தமுங்களா? கமிசனு கிமிசனு வாங்கிப்போட்டீங்களா?"

எனக்குக் காது சூடேறியது. நான் ஒரு பைசா வாங்கினதில்லை. என் நேர்மையை ஒருவர் விளையாட்டுக்குக்கூடத் தொடக் கூடாது என்று நினைத்த வயது. வாயைத் திறந்தேன்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியலீங்க. அவங்களுக்காகத்தான் கறுப்புக் கல்லு."

மேஸ்திரியின் கையில் மட்டப் பலகை நின்றது. வீட்டுக்காரர் சிரித்த வாயை மூடவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் பாவாயம்மாள், தட்டில் மூன்று டம்ளர் மோரோடு நின்றுகொண்டிருந்தார்.

அவர் உள்ளே வந்தார். மணல், செங்கல், சிமெண்ட் மூட்டை எல்லாம் தரையில் கிடந்தன. எதையும் இடிக்கவில்லை. கணவருக்கு ஒரு டம்ளர், மேஸ்திரிக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"குடிங்க," என்றார் என்னிடம். அவ்வளவுதான்.

ஆனால் அவர் கணவர் அந்த நேரம் முழுக்க அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர், மனைவியின் முகத்தை விட்டு அவர் கைகளைப் பார்க்க ஆரம்பித்த நிமிடம் அது. அதை நான்தான் ஆரம்பித்து வைத்தேன்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று பின்கட்டில் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாளே மனைவியைச் சேலத்துக்கு அழைத்துப் போனார், பிறகு மதுரைக்கும். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். திரும்பி வந்து, "இனிமே நீ அடுப்புப் பக்கமே போகக் கூடாது, ஆமா. நெருப்பு ஒண்ணு புடிச்சா என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டார். அன்பாகத்தான் சொன்னார். கல்யாணம் வரைக்கும் சமைத்துப் போட ஓர் அம்மாளை ஏற்பாடு செய்தார். என்னிடம், "கறுப்பே போடுங்க சாமி, அவ எப்படிக் கேட்டாளோ அப்படியே" என்றார். வெள்ளைப் பட்டையை இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரலாக வைக்கச் சொன்னார்.

மேஸ்திரி அந்த மேடையைக் கட்டிய மாதிரி அக்கறையாக வேறு எதையும் கட்டி நான் பார்த்ததில்லை. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நீங்க பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லீங்க சாமி. பொய்ய நாஞ் சொல்லிட்டுத்தான இருந்தேன். நீங்க சும்மா நின்னிருந்தாப் போதுமே."

பால் காய்ச்சும் நாளுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்து மருமகள் வந்திருந்தாள். நல்ல பெண், கலகலப்பானவள். அவள்தான் பால் பொங்க வைத்தாள். பாவாயம்மாள் புதுச் சேலை கட்டிக்கொண்டு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கும்பிட்டேன். "வணக்கம்மா," என்றேன்.

"சாமீங்களா?" என்றார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அதற்குள் அந்த நடுவழியும் குறுகியிருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த நேரம் நான் சமையல்கட்டுக்குள் போனேன். செய்த வேலையை ஒரு தரம் தனியாகப் பார்ப்பது என் வழக்கம். கண்ணாடி ஓட்டின் வழியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கல் தண்ணீர் நிறைந்த கிணறு மாதிரி அமைதியாகக் கிடந்தது. பொங்கலுக்குக் களைந்தபோது சிந்திய அரிசி ஏழெட்டு மணி அதன் மேல் இருந்தது. வாசலில் நின்று எண்ணிவிடலாம். அவ்வளவு தெளிவு.

பின்னால் சேலைச் சரசரப்பு கேட்டது. பாவாயம்மாள் வந்திருந்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. நானும் அசையவில்லை. வலது கையைச் சுவரோரம் கல்லின் மேல் வைத்தார். பிறகு மெதுவாக முன்பக்கம் நகர்த்தினார். வழியில் அரிசி மணிகள் தட்டுப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இடது உள்ளங்கையில் போட்டுக்கொண்டார். முகத்தைத் தாழ்த்தி, வெள்ளைப் பட்டையைப் பார்த்தார். கை அதன் மேல் வந்து, சரியாக ஓரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

மருமகள் பாத்திரம் எடுக்க ஓடி வந்தாள். மாமியாரைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"அத்தே, நீங்க ஏனுங்க உள்ள வந்தீங்க? போய் உக்காருங்க, வாங்க."

எவ்வளவு ஆசையாகச் சொன்னாள்! கையைப் பிடித்து, கல்லிலிருந்து எடுத்து, தன் தோளில் வைத்துக்கொண்டு அழைத்துப் போனாள்.  போகிற போக்கில் பாவாயம்மாள் உள்ளங்கையிலிருந்த அரிசியை மருமகளின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலிட்டுக்கொண்டு வெகு நேரம் யோசித்தேன். பொய் சொன்னதைச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. நான் சொன்னதோ உண்மை. அதை எந்தக் கட்டளையின் கீழ்ச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

உங்களிடமும் வீட்டுக்காரர்கள் காரணம் கேட்பார்கள். காரணம் உங்களுடையதாக இருந்தால் சொல்லுங்கள். வேறொருவர் உங்களிடம் கொடுத்து வைத்ததாக இருந்தால், உங்கள் படிப்பைப் பற்றியோ நேர்மையைப் பற்றியோ யார் என்ன நினைத்தாலும் நினைத்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு எண்பது வயது நெருங்குகிறது. சில நாள் மட்டும் அந்தக் கனவில் பேச்சு வரும். மேஸ்திரி தலை நிமிராமல் மட்டப் பலகையைத் துடைக்கிறார். கரும்புக் காடு சாய்ந்து எழுகிறது. வாசற்படியில் மோர்த் தட்டோடு யாரோ வந்துகொண்டிருக்கும் சத்தம். "மொசைக்கு எண்ணெ குடிக்குமுங்க பண்ணாடி," என்கிறார் மேஸ்திரி. வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

"ஆமாங்க," என்கிறேன் நான். "குடிக்கும்."